இருபது நிமிடம், ஒரு கண்ணாடிக் குழாய்

மாமாவுக்கு மன்னார்குடிப் பக்கம் வயல். சம்பா அறுவடை முடிந்து வைக்கோல் ஏற்றிக்கொண்டிருந்த ஒரு தை மாதச் சாயங்காலம், கணுக்காலுக்கு மேலே சுருக்கென்றது. வீட்டுக்கு வந்து "பூச்சி ஒண்ணு தீண்டிருச்சு" என்றார். இருட்டிய பிறகு எங்கள் பக்கம் யாரும் பாம்பு என்று வாய்விட்டுச் சொல்வதில்லை. கடிவாயில் இரண்டு புள்ளி, கொஞ்சம் வீக்கம். "பெருசா ஒண்ணும் இல்லியே, காலையில பாத்துக்கலாம்" என்றார் பக்கத்து வீட்டுப் பெரியவர். அத்தை காதில் போட்டுக்கொள்ளவில்லை. வண்டியை வரச்சொல்லிவிட்டார்.

பெரியவர் கடிவாயைப் பார்த்து ஆபத்தை எடைபோட்டார். பாம்புக்கடியில் அந்த எடை இரண்டு பக்கமும் பிசகும். பல் பதிந்தும் விஷம் இறங்காத கடி உண்டு. கட்டுவிரியன் கடித்தால் வீக்கமே இராது. தரையில் படுத்திருப்பவருக்குக் கடிபட்டதே தெரியாமல் போகும். விடியும்போது வயிற்றுவலி, அப்புறம் கண்ணிமை இறங்கும், மூச்சு தடுமாறும். அதனால்தான் மருத்துவர்கள் கடிவாயோடு நிற்காமல் இரத்தத்தைச் சோதிக்கிறார்கள். கண்ணை அகலத் திறக்கச் சொல்கிறார்கள். ஒரே மூச்சில் ஒன்று, இரண்டு என்று எத்தனை வரை எண்ண முடிகிறது என்று பார்க்கிறார்கள்.

இரத்தச் சோதனைக்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். சுத்தமான, உலர்ந்த, புதிய கண்ணாடிக் குழாயில் 2 மில்லி இரத்தம். அசைக்காமல் 20 நிமிடம் நிறுத்திவைக்க வேண்டும். பிறகு ஒரே ஒரு முறை சாய்த்துப் பார்க்க வேண்டும். உறைந்திருந்தால் அசையாமல் நிற்கும். விஷம் இரத்தத்தில் வேலை செய்துவிட்டால் தண்ணீர் மாதிரி ஓடும்.

மருத்துவமனையில் மாமாவின் இரத்தம் வைத்திருந்த குழாயை நான் கையில் எடுத்துப் பார்க்கப் போனேன். "தொடாதீங்க தம்பி, ஆடக்கூடாது" என்றார் சிஸ்டர். சுவர்க் கடிகாரத்தில் 7.50. எட்டு பத்துக்கு அவர் குழாயைச் சாய்த்தார். இரத்தம் விளிம்பு வரை சிவப்பாக வழுக்கி ஓடியது.

கண்ணாடி விரியனின் விஷம் இரத்த உறைவுக்கான காரணிகளை, அதாவது எண் போட்டு அழைக்கப்படும் புரதங்களை, முக்கியமாக ஐந்தாவதையும் பத்தாவதையும், தேவையே இல்லாமல் முடுக்கிவிடுகிறது. மேட்டூரில் இருக்கிற தண்ணீரையெல்லாம் ஒரே நாளில் திறந்துவிட்டால் என்ன ஆகும்? அத்தனையும் வீணாகக் கடலுக்குப் போகும். அப்புறம் கடைமடைக்குச் சொட்டு இராது. உடம்பிலும் இதுதான் நடக்கிறது. உறையவைக்கும் பொருள்கள் அத்தனையும் செலவாகிவிடுவதால், உண்மையிலேயே இரத்தம் கசியும்போது அடைக்க எதுவும் மிஞ்சுவதில்லை. பல் ஈறிலும் ஊசி குத்திய இடத்திலும் இரத்தம் கசிவது அதனால்தான். சுருட்டை விரியன் விஷத்திலும் இரத்தம் உறையாமல் போகும். நல்ல பாம்பும் கட்டுவிரியனும் நரம்பைத் தாக்குபவை. அவை கடித்தால் இரத்தம் ஒழுங்காக உறைந்திருக்கும். அதைப் பார்த்து நிம்மதி அடைந்துவிடக்கூடாது.

குழாய் ஏன் கண்ணாடியாக இருக்க வேண்டும்? கண்ணாடியின் பரப்பில் உள்ள எதிர்மின்சுமைதான் உறைவைத் தொடங்கிவைக்கிறது. பிளாஸ்டிக்கில் அது நடக்காது. சோப்புப் போட்டுக் கழுவிய பழைய குழாயிலும் கெட்டுவிடும். விஷமே இல்லாதவரின் இரத்தமும் உறையாமல் நின்று, வீணாக விஷமுறிவு மருந்தேற்ற வைக்கும்.

தவறு எதிர்ப்பக்கமும் நடக்கிறது. கோடியக்கரைக்கு எதிரே கடலைத் தாண்டினால் இலங்கை. அங்கேயும் நெல் வயல், அதே கண்ணாடி விரியன். 2013-இல் வெளியான ஓர் இலங்கை ஆய்வில், மருத்துவமனையின் அன்றாட நெருக்கடியில் செய்யப்பட்ட இந்தச் சோதனையை ஆய்வக அளவீட்டோடு ஒப்பிட்டார்கள். உறைவு கெட்டிருந்தவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்களைச் சோதனை தவறவிட்டிருந்தது. குழாயின் அகலம், இரத்தத்தின் அளவு, நேரம் எல்லாவற்றையும் சரியாகக் கடைப்பிடித்த பிந்தைய ஆய்வில் சோதனையின் கண்டுபிடிக்கும் திறன் வெகுவாக உயர்ந்தது. என்னைக் கேட்டால், ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் ஒரு பெட்டி புதுக் குழாயும் ஒரு கடிகாரமும் இருந்தாக வேண்டும். முதல் குழாய் உறைந்துவிட்டது என்று யாரையும் வீட்டுக்கு அனுப்பவும் கூடாது. விஷம் மெதுவாக ஏறலாம். 24 மணி நேரம் வைத்திருந்து திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டும்.

மாமாவுக்கு 10 குப்பி விஷமுறிவு மருந்து ஏற்றினார்கள். குழந்தையாக இருந்தாலும் இதே அளவுதான். சின்ன ஆள் என்று பாம்பு விஷத்தைக் குறைத்து இறக்குவதில்லை. இந்த மருந்து இரத்தத்தை உறையவைப்பதில்லை, சுற்றித் திரியும் விஷத்தை மட்டும் கட்டிப்போடுகிறது. காலியான காரணிகளைக் கல்லீரல்தான் புதிதாகச் செய்ய வேண்டும். அதற்குச் சுமார் 6 மணி நேரம் பிடிக்கும் என்பதால் அடுத்த குழாய் அதற்குப் பிறகுதான்.

இரவு இரண்டரைக்கு வைத்த குழாயிலும் இரத்தம் ஓடியது. மறுபடி மருந்து. காலை ஒன்பதரைக்கு சிஸ்டர் மூன்றாவது குழாயைச் சாய்த்தார். ஈரல் துண்டு மாதிரி அசையாமல் நின்றது. அத்தை கேட்டு வாங்கி ஒருமுறை தானும் சாய்த்துப் பார்த்தார். அதற்குப் பிறகும் மூன்று நாள் மாமாவின் சிறுநீரை அளந்து, நிறத்தையும் சேர்த்துச் சீட்டில் குறித்துக்கொண்டே இருந்தார்கள். கண்ணாடி விரியன் விஷம் சிறுநீரகத்தையும் கெடுக்கும்; குழாயில் அது தெரியாது.