காது கேட்கிறது, ஆனாலும் அவர் நடிக்கவில்லை

செந்தூலிலிருந்து ஓர் அக்கா கணவரை அழைத்து வந்தார். "டாக்டர், மாமாக் கடையில உட்கார்ந்து பேசினா இவருக்கு ஒன்னுமே விளங்காது. டிவி மட்டும் நல்லாக் கேட்கும். வேணும்னே செய்றார்." (நான் டாக்டர் இல்லை, ஆடியோலஜிஸ்ட். சொல்லி அலுத்துவிட்டது.) அவர் காதில் ஆன்லைனில் வாங்கிய காது கேட்கும் மிஷின் வேறு.

சோதித்தேன். இரண்டு காதும் 20 டெசிபலுக்குள், அதாவது நார்மல். "பார்த்தீங்களா, நடிப்பு!" என்றார் அக்கா. இந்த மாதம் நான் கேட்கும் நான்காவது 'நடிப்பு' இது.

சரி, பொறுமையாகவே சொல்கிறேன்: இது நடிப்பில்லை, மனச்சோர்வாகவும் இருக்கலாம். எங்கள் சோதனை அறையில் சத்தமே இருக்காது. அங்கே மெல்லிய 'பீப்' காதில் விழுகிறதா என்று பார்க்கிறோம், அவ்வளவுதான். மாமாக் கடையில் யாரும் பீப் அடிப்பதில்லை. பக்கத்து மேசையில் பந்து விளையாட்டுப் பேச்சு, பின்னால் "தே தாரிக் சத்து!" என்று ஒரு கூவல். இதற்கு நடுவே மனைவியின் குரலை மட்டும் பிரித்தெடுத்து, விழாத சொல்லை ஊகித்து, முன்பாதியை நினைவில் வைத்துப் பின்பாதியோடு கோக்க வேண்டும். அதற்குக் காது போதாது, கவனமும் நினைவும் வேண்டும். மனச்சோர்வு கைவைப்பது அங்கேதான். டிவி? ஒரே ஆள் பேசுகிறார், பதில் சொல்லவும் வேண்டியதில்லை.

2015இல் வெளியான டெக்சஸ் பல்கலைக்கழக ஆய்வு ஒன்றில், மனச்சோர்வு அறிகுறிகள் அதிகமுள்ளவர்கள் வெறும் இரைச்சலில் மற்றவர்களைப் போலவே பேச்சைப் புரிந்துகொண்டார்கள். பின்னணியில் வேறு ஆட்கள் பேசும்போதுதான் தடுமாறினார்கள்.

எங்கள் ஆட்களையும் சொல்ல வேண்டும். 'நார்மல்' என்று ஒரு வரி எழுதி அனுப்பிவிடுகிறோம், தூக்கம் எப்படி என்று கேட்பதில்லை. கேட்டேன். ஆறு மாதமாக விடியற்காலை மூன்று மணிக்கே விழிப்பாம், யாரோடும் பேசப் பிடிக்கவில்லையாம். அப்புறம் அக்கா வாய் திறக்கவில்லை.

முதலில் காதைச் சோதியுங்கள். காது மந்தமானாலும் ஆள் ஒடுங்கிப் போவார், மனச்சோர்வும் வரும். திடீரென்று ஒரு காது கேட்காமல் போனால் அன்றைக்கே ஆஸ்பத்திரி; எண்ணெய் ஊற்றிப் பார்க்காதீர்கள்! காது சரி, ஆனால் இரண்டு வாரமாக எதிலும் பிடிப்பில்லையா? அரசாங்கச் சுகாதார நிலையமான கிளினிக் கெசிஹாத்தானில் சொல்லுங்கள். நேரில் போகக் கூச்சமென்றால் மலேசியச் சுகாதார அமைச்சின் மனநல உதவி எண்ணான ஹீல் 15555, காலை 8 முதல் நள்ளிரவு வரை. "இருந்து என்ன பயன்" என்ற பேச்சு வந்தால் காத்திருக்காதீர்கள், அவசர எண் 999.

வீட்டில் டிவியை நிறுத்திவிட்டு, முகம் பார்த்து, ஒருவர் மட்டும் பேசுங்கள். அந்த மிஷினைத் தயவுசெய்து கழற்றுங்கள். நல்ல காதில் அதை மாட்டினால் பக்கத்து மேசைப் பேச்சும் சேர்ந்துதான் பெரிதாகும்.