‘காப்பி’ என்று எழுதும் முன்: ஒரு பிரெஞ்சுப் படமும் அதன் ரீமேக்குகளும்

சப்டைட்டில் எழுதுவது என் தொழில். ஒரு படத்தை நிறுத்தி நிறுத்தி, வசனம் வசனமாகப் பார்க்க வேண்டிய வேலை. சினிமா பற்றி எழுத விரும்பும் இளைஞர்களுக்கு அவ்வப்போது வகுப்பும் எடுப்பேன். போன மாதம் ஒரு தம்பி ‘தூங்காவனம்’ படத்துக்கு விமர்சனம் எழுதிக் கொண்டுவந்தார். முதல் வரியே, “பிரெஞ்சுப் படத்தின் அப்பட்டமான காப்பி.” மூலப் படத்தைப் பார்த்தீர்களா என்று கேட்டேன். “இல்ல சார், நெட்ல போட்டிருந்தாங்க” என்றார்.

அவர் மட்டுமா, எத்தனையோ பேர் இப்படித்தான் எழுதுகிறார்கள். அதை நம்பிப் படத்தை ஒதுக்குபவர்கள் அதைவிட அதிகம். எனக்கு அது உண்மையிலேயே வலிக்கிறது.

காப்பி என்றால் திருட்டு. பிரெடெரிக் ழார்தான் 2011-ல் எடுத்த ‘நுயி ப்ளான்ஷ்’ படத்தின் அதிகாரப்பூர்வ ரீமேக்தான் 2015 தீபாவளிக்கு வந்த ‘தூங்காவனம்’. தெலுங்கில் ‘சீகட்டி ராஜ்யம்’ என்று சேர்ந்தே எடுத்தார்கள். 2017-ல் அமெரிக்காவில் ‘ஸ்லீப்லெஸ்’, 2023-ல் இந்தியில் ‘பிளடி டாடி’ என்று அதே கதை இன்னும் இரண்டு முறை வந்தது.

தலைப்பிலிருந்தே வேறுபாடு தொடங்கிவிடுகிறது. ‘நுயி ப்ளான்ஷ்’ என்றால் சொல்லுக்குச் சொல் ‘வெள்ளை இரவு’. பிரெஞ்சுக்காரர்களுக்கு அது தூங்காத இரவு. கதையில் வரும் ஒரு பையிலிருக்கும் போதைப் பொடியின் நிறமும் அந்த வெள்ளையில் தெரிகிறது. ஆங்கிலத் தலைப்பில் தூக்கமின்மை மட்டும் மிஞ்சியது. தமிழில் நிறம் போனாலும் ஒரு காடு வந்து சேர்ந்தது. சிக்கிக்கொண்டால் வழி தெரியாத இடம். எனக்கு அது மிகவும் பிடிக்கும்.

கதை சின்னது. போதைப் பொருள் பையைப் பறித்த போலீஸ்காரனின் மகனை நைட் கிளப் முதலாளி ஒருவன் கடத்திவிடுகிறான். பையைக் கொடுத்தால் பையன் கிடைப்பான். அப்பா அந்தப் பையைக் கிளப்பின் ஆண்கள் கழிப்பறையின் மேல்கூரையில் ஒளிக்கிறான். அவனைப் பின்தொடர்ந்து வந்த பெண் அதிகாரி அதை எடுத்துப் பெண்கள் கழிப்பறைக்கு மாற்றிவிடுகிறாள். அவன் திரும்ப வந்து கையை விட்டுத் துழாவுகிறான். ஒன்றுமில்லை. அந்த இடத்தில் சப்டைட்டிலுக்கு வேலையே இல்லை. கத்திக்குத்துக் காயத்தோடு மேலே எட்டும் உடம்பும், வெளியே அதிரும் பாட்டும் போதும். கூட்டத்துக்குள் இடித்துக்கொண்டு போகும் கேமராவும், சுற்றிச் சுற்றி அதே சுவர்களும் தரும் மூச்சுமுட்டல்தான் இந்தப் படத்தின் உயிர்.

ஆகவே ரீமேக்கைப் பார்க்கும்போது நான் தேடுவது அந்த மூச்சுமுட்டலைத்தான். ‘ஸ்லீப்லெஸ்’ படத்தில் கிளப், லாஸ் வேகாஸின் பளபளக்கும் சூதாட்ட விடுதியாகிவிட்டது. இடம் விரிந்ததும் இறுக்கம் தளர்ந்தது. ஜேமி ஃபாக்ஸ் இருந்தும் விமர்சகர்கள் பெரும்பாலோர் படத்தைக் கைவிட்டார்கள், எனக்கும் அதில் மறுப்பில்லை. இத்தனைக்கும் அதன் இயக்குநர் பாரன் போ ஓடார், அதே ஆண்டு வெளியான ‘டார்க்’ தொடரால் உலகம் முழுக்கப் பேசப்பட்டவர். ‘பிளடி டாடி’ கொரோனா இரண்டாம் அலைக்குப் பிந்தைய குருகிராமுக்குப் போனது. ‘தூங்காவனம்’ கதையைப் பாட்டு வைத்து நிறுத்தாமல் ஓடியது. தீபாவளிப் படத்துக்கு அது சாதாரணத் துணிச்சல் இல்லை.

அப்புறம் அந்தச் சதவீதம். விமர்சனங்களைத் திரட்டிப் படத்துக்கு ஒரு சதவீதம் போடும் இணையதளம் ராட்டன் டொமேட்டோஸ். அதில் 60-க்குக் கீழே போனால், படம் தேறவில்லை என்று பச்சைக் கறை விழும். பலர் அதைப் பரீட்சை மார்க் என்றே நினைக்கிறார்கள். அது, நல்லாயிருக்கு என்று சொன்ன விமர்சகர்கள் நூற்றுக்கு எத்தனை பேர் என்ற கணக்கு மட்டும்தான். பத்து பேரும் பத்துக்கு 6 கொடுத்து, பரவாயில்லை என்று சொன்னால் அந்தப் படம் 100 சதவீதம். ஐந்து பேர் 9 கொடுத்துக் கொண்டாடி, மற்ற ஐந்து பேர் 5 கொடுத்து ஒதுக்கினால் 50 சதவீதம், பச்சைக் கறை. சராசரி பார்த்தால் இரண்டாவது படத்துக்கு 7, முதல் படத்துக்கு 6. அந்த ஐந்து பேர் ஏன் கொண்டாடினார்கள் என்று தெரிய, அவர்கள் எழுதியதைத்தான் படிக்க வேண்டும்.

தம்பியை ‘நுயி ப்ளான்ஷ்’, ‘தூங்காவனம்’ இரண்டையும் அடுத்தடுத்துப் பார்க்கச் சொன்னேன். ஒரு வாரம் கழித்துப் புது விமர்சனத்தோடு வந்தார். பாராட்டிவிடவில்லை, குறைதான் சொல்லியிருந்தார். பிரெஞ்சுப் படத்தில் அப்பாவாக வரும் டொமேர் சிஸ்லேயின் முகம் நமக்குப் புதிது, அந்த அப்பா நல்லவனா கெட்டவனா என்று கடைசிவரை தவிக்கிறோம். அதே இடத்தில் கமல் நிற்கும்போது, பை என்ன ஆனாலும் இவர் நல்லவர்தான் என்று முதல் காட்சியிலேயே முடிவு செய்துவிடுகிறோம், பாதி பதற்றம் அங்கேயே போய்விடுகிறது என்று எழுதியிருந்தார். இத்தனை தடவை பார்த்தும் எனக்கு அது தோன்றவில்லை. அன்றிரவு ‘தூங்காவனம்’ படத்தை மறுபடி போட்டுப் பார்த்தேன்.