கடைசித் தொகுதி யாருக்கு?

பிரிட்டன் நாடாளுமன்றத்தின் காமன்ஸ் சபையில் 650 இடங்கள். இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து ஆகிய நான்கும் இவற்றைப் பேரம் பேசிப் பிரித்துக்கொள்வதில்லை. கணக்கைச் சட்டமே எழுதி வைத்திருக்கிறது.

முதலில் தீவுகளை ஒதுக்கிவிடுவார்கள். வைட் தீவுக்கு 2, ஸ்காட்லாந்தின் மேற்குத் தீவுகளுக்கு 1, ஆர்க்னி - ஷெட்லாந்துக்கு 1, வேல்ஸின் ஆங்கிள்சிக்கு 1. இந்த ஐந்தில் யாரும் கைவைக்க முடியாது. மீதி 645.

இப்போதைய தொகுதிகளுக்கு அடிப்படை 2020 மார்ச் 2 அன்றைய வாக்காளர் எண்ணிக்கை. தீவுகள் நீங்கலாக இங்கிலாந்தில் 3,97,48,705 பேர், ஸ்காட்லாந்தில் 40,23,611, வேல்ஸில் 22,70,262, வட அயர்லாந்தில் 12,95,688. கூட்டி 645 ஆல் வகுத்தால் ஒரு தொகுதிக்குச் சராசரி 73,393 பேர்.

இந்தச் சராசரியால் ஒவ்வொன்றையும் வகுத்துப் பார்த்தால் சிக்கல் தெரியும். முறையே 541.59, 54.82, 30.93, 17.65 வருகிறது. நான்கையும் முழுமையாக்கினால் 542 + 55 + 31 + 18 = 646. ஓரிடம் கூடுதல். யாரிடமிருந்து பிடுங்குவது?

இதற்குத்தான் செயின்ட்-லாகு முறை. இடங்களை ஒவ்வொன்றாக வழங்குவார்கள். ஒரு பகுதி ஓரிடம் பெற்றதும் அதன் வாக்காளர் எண்ணிக்கையை 3 ஆல் வகுப்பார்கள். இரண்டு பெற்றதும் 5 ஆல், மூன்று பெற்றதும் 7 ஆல். எப்போதும் மூல எண்ணைத்தான் வகுக்க வேண்டும். எந்தப் பகுதியின் ஈவு பெரிதோ அதற்கே அடுத்த இடம். முதல் ஐந்தையும் இங்கிலாந்தே அள்ளிக்கொள்ளும். ஆறாவதில்தான் ஸ்காட்லாந்து நுழையும். கடைசிக் கட்டத்தில் வேல்ஸின் 31-ஆவது இடத்துக்கு ஈவு 37,217, வட அயர்லாந்தின் 18-ஆவதுக்கு 37,020, ஸ்காட்லாந்தின் 55-ஆவதுக்கு 36,914, இங்கிலாந்தின் 541-ஆவதுக்கு 36,770. அத்துடன் 645 நிரம்பிவிடுகிறது. 36,702 ஈவோடு வந்த இங்கிலாந்தின் 542-ஆவது இடம் வெளியே நிற்கிறது. தீவுகளையும் சேர்த்தால் இங்கிலாந்துக்கு 543, ஸ்காட்லாந்துக்கு 57, வேல்ஸுக்கு 32, வட அயர்லாந்துக்கு 18.

வகுஎண்களை 1, 2, 3 என்று வைத்தால் அது டி ஹோண்ட் முறை. இதே எண்களை அதில் போட்டால் இங்கிலாந்துக்கு 2 இடம் கூடி, ஸ்காட்லாந்தும் வட அயர்லாந்தும் ஆளுக்கு ஒன்று இழக்கும். அந்த முறை எப்போதுமே பெரியவர் பக்கம் சாயும். வகுஎண்ணைத் தேர்ந்தெடுப்பதும் அரசியல்தான், என்ன, சத்தமில்லாத அரசியல்.

பங்கு கிடைத்த பிறகு எல்லைக் கோடு. ஒரு தொகுதியில் 69,724 முதல் 77,062 வாக்காளர்கள் இருக்கலாம், அதாவது சராசரியிலிருந்து 5% வரை விலகலாம். நான்கையும் ஒரே சராசரியால் அளந்ததில்தான் வேல்ஸ் 40-லிருந்து 32-க்கு இறங்கியது. 2024 தேர்தல் இந்த எல்லைகளில் நடந்தது.

எண்ணிக்கை நியாயமானாலும், லண்டன் தன் அதிகாரத்தில் ஒரு பகுதியை மற்ற பகுதிகளின் அவைகளுக்கு விட்டுக்கொடுக்கும் அதிகாரப் பகிர்வு கிளப்பும் கேள்வி அப்படியே இருக்கிறது. ஸ்காட்லாந்தின் தலைநகர் எடின்பரோவில் தனி நாடாளுமன்றம் 1999-இல் வந்ததால், ஸ்காட்லாந்தின் கல்வி அங்கேயே முடிவாகிறது. ஆனால் இங்கிலாந்தின் கல்லூரிக் கட்டணத்துக்கு லண்டனில் நடக்கும் வாக்கெடுப்பில் ஸ்காட்லாந்து உறுப்பினர்களும் கைதூக்கலாம். 2004 ஜனவரியில் அப்படியொரு கட்டண மசோதா 316-க்கு 311 என்று தப்பியது அவர்கள் தயவில். 1977-இலேயே ஸ்காட்லாந்து உறுப்பினர் டாம் டால்யெல் எழுப்பிய கேள்வி இது. அவருடைய தொகுதியின் பெயரால் வெஸ்ட் லோதியன் கேள்வி என்கிறார்கள்.

தனி நாடாளுமன்றம் உள்ள பகுதிக்கு லண்டனில் இடங்களைக் குறைப்பது ஒரு வழி. தனக்கென நாடாளுமன்றம் இருந்த காலத்தில் வட அயர்லாந்துக்கு லண்டனில் 12, 13 இடங்களே. அது கலைக்கப்பட்டபின், 1983 தேர்தலில் 17 ஆனது. ஸ்காட்லாந்து 2005-இல் 72-லிருந்து 59-க்கு இறங்கியது வேறு கதை. அதுவரை கூடுதலாக இருந்ததைச் சமப்படுத்தினார்கள், அவ்வளவுதான். என் பார்வையில் குறைப்பது தவறான மருந்து. வரி, பாதுகாப்பு, வெளியுறவு ஆகியவை லண்டனில் முடிவாகும்வரை, அவற்றிலும் அந்த மக்களின் குரல் குறைந்துபோகும்.

இன்னொரு வழி 2015-இல் வந்தது. இங்கிலாந்துக்கு மட்டுமான மசோதாவுக்கு அந்நாட்டு உறுப்பினர்களின் ஒப்புதலும் தேவை என்ற விதி. எது 'இங்கிலாந்துக்கு மட்டும்' என்று சபாநாயகர் மசோதாதோறும் சான்றளிக்க வேண்டியிருந்தது. 2021-இல் விதியை நீக்கிவிட்டார்கள். இங்கிலாந்துக்கும் தனி நாடாளுமன்றம் கொடுக்கலாமே என்றால், மொத்த வாக்காளரில் 84% அங்கேதான். அந்த அவை லண்டன் நாடாளுமன்றத்துக்கே போட்டியாகிவிடும்.