பெயின்ட் காய்வது என்றால் என்ன? மாதிரி ராக்கெட்டுக்கு ஏற்ற ஸ்ப்ரேயும் பிரைமரும்

மாதிரி ராக்கெட் என்பது உண்மையாகவே பறந்து, பாராசூட்டில் இறங்கும் சிறு ராக்கெட். பல நாள் உட்கார்ந்து ஒட்டி, தேய்த்து, துடுப்புகளை நேர் பார்த்து நிறுத்திய அப்படி ஒன்றுக்குச் சிவப்பு எனாமல் பெயின்ட் அடித்தேன். முதல் கோட் வழவழவென்று விழுந்தது. ஒரு பக்கம் மட்டும் நிறம் கொஞ்சம் மெலிவாகத் தெரிந்தது. ஐந்தாறு மணி நேரம் கழித்துத் தொட்டுப் பார்த்தேன், விரலில் ஒட்டவில்லை. சரி என்று இன்னொரு கோட் அடித்தேன். சற்று நேரத்திலேயே பரப்பு முழுவதும் பாலாடையைப் போல மடிந்து சுருங்கியது. டப்பா அதேதான், பெயின்டும் அதேதான். மாறியது நேரம் மட்டும்.

அந்தச் சுருக்கம் ஏன் வந்தது என்று தெரிந்துகொண்டால், எந்த பெயின்டை வாங்குவது, அதற்கு அடியில் எந்த பிரைமரைப் போடுவது என்ற கேள்விகளுக்குப் பெரும்பாலும் பதில் கிடைத்துவிடும்.

ஸ்ப்ரே டப்பாவுக்குள் இருப்பவை நான்கு: நிறம் தரும் நிறமித்தூள், அந்தத் தூளைப் பிடித்துப் பரப்பில் ஒட்டவைக்கும் பிசின், பிசினை நீர்க்க வைத்திருக்கும் கரைப்பான், எல்லாவற்றையும் வெளியே தள்ளும் உந்துவாயு. 1949இல் அமெரிக்காவில் எட்வர்ட் சீமோர் அலுமினிய பெயின்டை இப்படி டப்பாவில் அடைத்தார். அடிப்படை ஏற்பாடு இன்றும் அதுவே. இன்றைய டப்பாக்களில் உந்துவாயு பெரும்பாலும் புரொப்பேன், பியூட்டேன் அல்லது டைமெத்தில் ஈதர். டப்பாவுக்குள் இவை அழுத்தத்தில் திரவமாகக் கிடக்கின்றன. அடிக்க அடிக்கக் கொஞ்சம் திரவம் ஆவியாகிக் காலி இடத்தை நிரப்புவதால், டப்பா பாதி தீர்ந்த பின்னும் அழுத்தம் கிட்டத்தட்ட அப்படியே இருக்கும். ஆனால் குளிர்ந்தால் அழுத்தம் இறங்கிவிடும். அப்போது துளிகள் பெரிதாகி, பரப்பு ஆரஞ்சுத் தோல் போலச் சொரசொரப்பாகும். கை பொறுக்கும் வெதுவெதுப்பான நீரில் டப்பாவைச் சில நிமிடம் நிறுத்திவைத்து நன்றாகக் குலுக்கினால் போதும். அடுப்பு, ஹீட்டர் பக்கம் கொண்டுபோகவே கூடாது. உள்ளே இருப்பது எரியும் வாயு.

காய்வதற்கு வருவோம். இங்கே பார்க்கப்போவது இரண்டு வகை ஸ்ப்ரே பெயின்ட்: லாக்கர், எனாமல். லாக்கர் காய்வது எளிது. கரைப்பான் ஆவியாகிப் போகிறது, பிசின் மிஞ்சுகிறது, அவ்வளவுதான். வேதிமாற்றம் எதுவும் நடப்பதில்லை. அதனால் பல மாதம் கழித்து அதே கரைப்பான் பட்டாலும் மறுபடி இளகும். இதில் ஒரு நன்மையும் உண்டு: அடுத்த கோட், கீழ்க் கோட்டின் மேல்பகுதியைக் கரைத்துக்கொண்டு அதோடு ஒன்றாகிவிடும்.

எனாமல் இரண்டு கட்டமாகக் காய்கிறது. முதலில் கரைப்பான் போகும், தொட்டால் ஒட்டாது. உண்மையான வேலை அதற்குப் பிறகுதான். எனாமலின் ஆல்கைட் பிசினில் தாவர எண்ணெய்களிலிருந்து வந்த கொழுப்பு அமிலச் சங்கிலிகள் இருக்கின்றன. அவை காற்றிலுள்ள ஆக்சிஜனை எடுத்துக்கொண்டு ஒன்றோடொன்று பிணைந்து வலையாக இறுகும். மேற்பரப்பில் தொடங்கி உள்ளே இறங்க நாள்கணக்கில் ஆகும். பாதி இறுகிய நிலையில் புதிய கோட் விழுந்தால், அதன் கரைப்பான் உள்ளே நுழைகிறது. முழுதாகக் கரைந்துபோகும் அளவுக்குப் படலம் இளசாகவும் இல்லை, கரைப்பானைத் தடுக்கும் அளவுக்கு முற்றவும் இல்லை. அதனால் ஊறி உப்புகிறது. அடிப்பக்கம் ராக்கெட்டோடு ஒட்டிக்கிடப்பதால் பக்கவாட்டில் விரிய வழியில்லை, மேல்நோக்கி மடிகிறது. என் ராக்கெட்டில் நடந்தது இதுதான். அடுத்த கோட்டை 1 மணி நேரத்துக்குள் அடியுங்கள், இல்லாவிட்டால் 48 மணி நேரம் பொறுங்கள் என்று பல எனாமல் டப்பாக்களில் போட்டிருப்பது இந்த ஆபத்தான இடைவேளையைத் தாண்டத்தான்.

எதன் மேல் எதை அடிக்கலாம் என்பதும் இதிலிருந்தே வருகிறது. நன்றாகக் காய்ந்த லாக்கர் மேல் எனாமல் அடிக்கலாம். எனாமல் மேல் லாக்கர் அடித்தால், லாக்கரின் வீரியமான கரைப்பான் கீழே உள்ளதைக் கிளப்பிவிடும். பிரைமர், நிறம், மேலே போடும் நிறமற்ற கிளியர் கோட் மூன்றையும் ஒரே தயாரிப்பாளரின் ஒரே வரிசையில் வாங்குவதே பாதுகாப்பு என்பது என் கருத்து. கலந்துதான் ஆக வேண்டுமென்றால், முதலில் ஒரு துண்டுக் குழாயில் அடித்துப் பாருங்கள்.

மூக்குக் கூம்பைத் தனியாகக் கவனிக்க வேண்டும். அது பாலிஸ்டைரீன் என்றால் வீரியமான லாக்கர் அதையே கரைத்து, நுண்ணிய வெடிப்புகளை உண்டாக்கும். பாலிஎத்திலீன், பாலிபுரொப்பிலீன் என்றால் பிரச்சினை தலைகீழ்: அவற்றின் பரப்பாற்றல் மிகக் குறைவு, பெயின்ட் பரவி ஒட்டுவதே இல்லை. இவற்றுக்கென்றே விற்கும் பிளாஸ்டிக் பிரைமர் வேண்டும். எந்தப் பிளாஸ்டிக்காக இருந்தாலும் முதலில் சோப்பு போட்டுக் கழுவுங்கள். அச்சிலிருந்து எடுக்கப் பூசிய வழவழப்பு அதில் ஒட்டியிருக்கலாம்.

இனி பிரைமர். நல்ல பினிஷ் உருவாகும் இடம் இதுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். பளபளப்பான பெயின்டில் பிசின் தாராளமாக இருக்கும். நிறமித் துகள்கள் அதில் முழுதாக மூழ்கிவிடுவதால் மேற்பரப்பு வழவழப்பாக அமைகிறது. பிரைமரில் டால்க் போன்ற தூள்கள் அதிகம், பிசின் குறைவு. துகள்கள் வெளியே தலைநீட்டுவதால் பரப்பு மங்கலாகவும் நுண்ணிய சொரசொரப்போடும் இருக்கும். மேலே விழும் பெயின்ட் அந்தச் சொரசொரப்பைப் பற்றிக்கொள்கிறது. உப்புத்தாளில் தேய்த்தால் பிரைமர் மாவாக உதிரும். பளபளப்பு பெயின்டோ தாளில் பிசுபிசுவென்று அப்பிக்கொள்ளும்.

ராக்கெட்டுக்கு நான் சொல்வது பில்லர் பிரைமர், அதாவது தூள் இன்னும் அதிகமுள்ள, தடிமனாக விழும் வகை. காகிதக் குழாயில் சுருள் பள்ளம் ஓடும், பால்சா என்ற லேசான மரத்தில் செய்த துடுப்பில் மர ரேகைகள் இருக்கும். ஆழமானவற்றை மரப் பட்டி பூசி அடைத்துவிட்டு, பில்லர் பிரைமர் அடித்து, காய்ந்ததும் பெரும்பகுதியைத் தேய்த்தே எடுத்துவிட வேண்டும். பள்ளத்தில் நிற்பது மட்டும் போதும். எங்கே பள்ளம் மிஞ்சியிருக்கிறது என்று கண்டுபிடிக்க அழகான வழி ஒன்று உண்டு. சாம்பல் பிரைமர் மேல் கறுப்பைப் பனி தூவியது போல லேசாக அடித்துவிட்டுத் தேய்த்தால், மேடெல்லாம் சாம்பலாகும், பள்ளங்கள் கறுப்பாகவே நிற்கும். 220 எண் தாளில் தொடங்கி 400 வரை போனால் போதும்.

இத்தனை தேய்ப்பும் அழகுக்கு மட்டுமா? நொடிக்கு 50 மீட்டர் வேகத்தில் போகும் ராக்கெட்டை எடுத்துக்கொள்வோம். ஏறக்குறைய 30 மைக்ரானுக்கு (ஒரு மைக்ரான், மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) குறைவான மேடுபள்ளங்களைக் கலங்கலான காற்றோட்டமும் பொருட்படுத்தாது. மூடப்படாத மர ரேகை அதைவிட ஆழமாகவே இருக்கும். மூக்கின் பக்கம் பரப்பு வழவழப்பாக இருந்தால், அங்கே காற்று கலங்காமல் அடுக்கடுக்காக வழுக்கிப் போகும் வாய்ப்பும் உண்டு. அந்த ஓட்டத்தில் உராய்வு வெகுவாகக் குறையும்.

ஆனால் பெயின்டுக்கு எடை இருக்கிறது. 25 மில்லிமீட்டர் விட்டமும் 40 சென்டிமீட்டர் நீளமும் உள்ள ராக்கெட்டின் பரப்பு, துடுப்புகளையும் சேர்த்தால் சுமார் 400 சதுர சென்டிமீட்டர். அதன்மேல் 0.1 மில்லிமீட்டர் தடிமனுக்குப் பூச்சு நின்றால் 5 கிராம் ஆகிவிடும். 50 கிராம் ராக்கெட்டுக்கு அது பத்தில் ஒரு பங்கு. துடுப்புகளில் அதிகம் தங்கினால் ஈர்ப்பு மையமும் பின்னால் நகரும். காற்றின் விசை மொத்தமாகச் செயல்படும் புள்ளியை அழுத்த மையம் என்பார்கள். ஈர்ப்பு மையம் அதற்குக் குழாயின் ஒரு விட்டமாவது முன்னால் இல்லையென்றால் ராக்கெட் தள்ளாடும். பெயின்டின் எடை பெரிய ராக்கெட்டுகளுக்கும் பிரச்சினைதான். நாசாவின் விண்வெளி ஓடத்தின் (ஸ்பேஸ் ஷட்டில்) பெரிய வெளி எரிபொருள் தொட்டிக்கு 1981இன் முதல் இரண்டு பயணங்களில் வெள்ளை அடித்திருந்தார்கள். பிறகு பெயின்டையே கைவிட்டதில் சுமார் 270 கிலோ மிச்சமானது. தொட்டி ஆரஞ்சாகத் தெரிந்தது அதனால்தான்.

அடிக்கும்போது 25 சென்டிமீட்டர் தள்ளி நின்று, ராக்கெட்டுக்கு வெளியே அழுத்தத் தொடங்கி, வெளியே போய்த்தான் விரலை எடுக்க வேண்டும். மெல்லிய கோட்டாகவே அடியுங்கள். செங்குத்தான பரப்பில் ஈரப் படலம் வழியும் வேகம் தடிமனின் இருமடியைப் பொறுத்தது: இரண்டு மடங்கு தடிமன் என்றால் நான்கு மடங்கு வேகத்தில் வழியும். ஈரப்பதம் மிகுந்த நாளில் லாக்கர் அடிக்காதீர்கள். கரைப்பான் ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, காற்றிலுள்ள நீர் அதன்மேல் பனியாகப் படியும், பெயின்ட் வெளுத்துப்போகும். திறந்த வெளியில், கரித்தூள் வடிகட்டி உள்ள முகமூடியோடு வேலை செய்யுங்கள். துணி முகமூடி கரைப்பான் ஆவியைத் தடுக்காது.

நிறம் உங்கள் விருப்பம். ஒளிரும் ஆரஞ்சு புல்லில் விழுந்தாலும் கண்ணில் படும். ஆனால் அது ஒளி ஊடுருவும் பெயின்ட், அடியில் வெள்ளை இல்லையென்றால் மங்கிவிடும். சாம்பல் பிரைமர் மேல் நேராக அடித்து ஏமாந்தவர்கள் உண்டு.

மூக்குக் கூம்பு குழாய்க்குள் நுழையும் கழுத்தை மட்டும் மாஸ்கிங் டேப்பால் மூடிவிடுங்கள். அங்கே ஒரு கோட் விழுந்தாலே கூம்பு இறுகி, பாராசூட் வெளியே வராமல் போகலாம். இரண்டாவது நிறத்துக்காக உடலில் டேப் ஒட்டுவதற்கு முன் மூக்கைப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பாருங்கள். கரைப்பான் வாசனை லேசாக வந்தால்கூட இன்னும் காயவில்லை, இன்னொரு நாள் அப்படியே விட்டுவிடுங்கள்.