கீனா: மூழ்காத கப்பலுக்கு வைத்த ஒப்பாரி

பைபிளில் எசேக்கியேல் நூலின் 27ஆம் அதிகாரத்தின் தொடக்கத்திலேயே தீர்க்கதரிசி எசேக்கியேலுக்கு ஒரு கட்டளை வருகிறது: தீரு என்ற கடல் வணிக நகரத்தின் மேல் ஒரு 'கீனா' எடுத்துப் பாடு. இந்த எபிரேயச் சொல்லைத் தமிழில் புலம்பல் என்று எழுதுகிறோம், இரங்கற்பா என்றும் எழுதுகிறோம். இரண்டும் தவறில்லை. ஆனால் இந்த இடத்துக்கு இரண்டுமே கொஞ்சம் மங்கல்.

கீனா என்பது வெறும் அழுகை அல்ல. செத்தவரைக் கிடத்தி வைத்துப் பாடும் பாட்டு. அதற்கென்று ஆட்கள் இருந்தார்கள். எபிரேயத்தில் அவர்களுக்கு 'மெக்கோனனோத்' என்று பெயர், கீனா பாடும் பெண்கள். எரேமியா 9ஆம் அதிகாரத்தில், அந்தப் பெண்களை ஆள் விட்டு அழைத்து வாருங்கள் என்ற பேச்சு வருகிறது. அதோடு நிற்காமல், உங்கள் மகள்களுக்கும் பக்கத்து வீட்டுக்காரிக்கும் கீனா கற்றுக்கொடுங்கள் என்கிறது. சாவு அவ்வளவு வரப்போகிறதாம், இருக்கிற பாடகிகள் போதாதாம். ஆக இது கற்றுக்கொண்டு பாடும் கலை, தொழிலும்கூட. நம்மூரில் 'கூலிக்கு மாரடிக்கிறவள்' என்று ஏளனமாகச் சொல்வோமே, அந்த ஏளனம் இல்லாத நிலை என்று வைத்துக்கொள்ளலாம். சிரியாக் மொழியின் 'கீன்தா' (மெட்டு), அரபியின் 'கைனா' (பாடும் அடிமைப்பெண்) இரண்டையும் இதற்கு உறவுச் சொற்களாகக் காட்டுவார்கள். உறவு மெய்யானால், அழுகைக்கு முன்பே இந்தச் சொல்லுக்குள் பாட்டு இருந்திருக்கிறது.

பாட்டு என்றால் சந்தம் வேண்டுமல்லவா? 1882இல் கார்ல் புட்டே என்ற ஜெர்மானிய அறிஞர் இதைப் பிடித்தார். வரியின் முன்பாதியில் மூன்று அழுத்தம், பின்பாதியில் இரண்டு. ஆமோஸ் 5:2 நல்ல எடுத்துக்காட்டு: 'நாஃப்லா லோ தோசீஃப் கூம், பெதூலத் இஸ்ராயேல்'. தமிழில் அதே எண்ணிக்கையில் சொல்லிப் பார்த்தால்:

விழுந்தாள் இனி எழமாட்டாள்,
இஸ்ரவேல் கன்னி.

இரண்டாம் பாதி மூச்சு முட்டி நின்றுவிடுகிறது. நொண்டிக்கொண்டு நடக்கும் சந்தம். எருசலேமுக்காக அழும் பைபிளின் புலம்பல் புத்தகத்தின் பெரும்பகுதி இப்படித்தான் போகிறது. எல்லாக் கீனாவும் இந்த அளவில் அடங்காது. போரில் மாண்ட அரசன் சவுலுக்கும் அவன் மகன் யோனத்தானுக்கும் தாவீது பாடியது பெரும்பாலும் வேறு நடையில்தான் இருக்கிறது.

அந்த ஆமோஸ் வரியில் இன்னொன்றும் இருக்கிறது. தீர்க்கதரிசி ஆமோஸ் பாடியபோது இஸ்ரவேல் நன்றாகவே இருந்தது, வியாபாரமும் விருந்தும் அமர்க்களம். கண்ணெதிரே நடமாடுகிறவனைப் பார்த்துச் சாவுப் பாட்டு எடுப்பது! தீர்க்கதரிசிகள் கையில் கீனா இப்படித்தான் உருமாறியது. இரக்கம் பாதி, தீர்ப்பு பாதி. சில இடங்களில் நக்கலும் உண்டு.

எசேக்கியேல் இதில் கெட்டிக்காரர். பாபிலோனுக்குச் சிறை போன ஆசாரியர். கடற்கரையில் அவர் வாழ்ந்ததாக எந்தச் செய்தியும் இல்லை. ஆனால் தீருவை அவர் ஒரு கப்பலாகவே கட்டி நிறுத்துகிறார். பாய்மரத்துக்கு லெபனோனின் கேதுரு, துடுப்புக்குப் பாசானின் கர்வாலி மரம், பாய்க்கு எகிப்தின் சித்திரத்தையல் போட்ட சணல்துணி. சீதோன்காரர்களும் அர்வாத்காரர்களும் துடுப்புப் போட, பலகை இடுக்குகளை அடைத்துக் கலப்பத்துப் பார்ப்பது கேபால் நகரத்தின் முதியவர்கள். பிறகு சரக்குப் பட்டியல்: தர்ஷீசின் வெள்ளி, இரும்பு, தகரம், ஈயம், தந்தமும் கருங்காலியும், தமஸ்குவிலிருந்து திராட்சரசமும் வெள்ளைக் கம்பளி மயிரும், யூதாவின் கோதுமை, தேன், எண்ணெய். இடையே மனிதர்களும் விலைப்பட்டியலில் வருகிறார்கள், வெண்கலப் பாத்திரங்களுக்குப் பக்கத்தில். ஒரு கணக்குப்பிள்ளையின் பேரேட்டைப் படிப்பதுபோல இருக்கும். இந்தப் பகுதியில் கீனாவின் சந்தமே அறுந்துபோகிறது. பின்னால் யாரோ செருகியது என்று சொல்கிறவர்களும் உண்டு. எனக்கு அது செருகலாகப் படவில்லை. செத்தவரின் நகை, நிலம், பட்டுப் புடவை என்று ஒவ்வொன்றாகச் சொல்லி அழுவதைக் கேட்டவர்களுக்கு இந்தப் பட்டியல் ஏன் இங்கே வருகிறது என்று விளக்க வேண்டியதில்லை.

கடைசியில் ஒரே வரி. கொண்டல் காற்று அடிக்கிறது, கப்பல் நடுக்கடலில் உடைகிறது. அதே சரக்கு, அதே துடுப்புக்காரர்கள், கலப்பத்துக்காரர்கள், எல்லாரும் ஒரே நாளில் ஆழத்துக்குள். கரையில் அழுவதும் வாடகைப் பெண்கள் அல்ல, மற்றக் கப்பல்களிலிருந்து இறங்கிய மாலுமிகள். தலையில் புழுதி வாரிப் போட்டு, சாம்பலில் புரண்டு, மொட்டையடித்து, இரட்டு உடுத்தி அழுகிறார்கள்.

இத்தனைக்கும் தீரு அப்போது விழவில்லை. எபிரேயத்தில் அதன் பெயர் 'சோர்', பாறை என்று பொருள்; கரைக்குச் சற்று வெளியே கடலுக்குள் இருந்த தீவு நகரம். பாபிலோன் அரசன் நேபுகாத்நேச்சார் 13 ஆண்டுகள் முற்றுகை போட்டதாக யூத வரலாற்றாசிரியர் யோசேபஸ் எழுதுகிறார். அதற்குப் பலன் கிடைக்கவில்லை என்று எசேக்கியேலே 29:18இல் ஒப்புக்கொள்கிறார்: எல்லாத் தலையும் மொட்டையானது, எல்லாத் தோளும் தோலுரிந்தது, படைக்குக் கூலி இல்லை. சொன்னது அப்படியே நடக்கவில்லை என்பதைத் தன் புத்தகத்திலேயே விட்டுவைத்த நேர்மை எனக்குப் பிடிக்கும். கி.மு. 332இல் அலெக்சாந்தர் கடலைத் தூர்த்து மண்பாதை போட்டு, ஏழு மாதத்தில் நகரத்தைப் பிடித்தார். அந்தப் பாதையில் மணல் சேர்ந்து தீவு தரையோடு ஒட்டிவிட்டது. இன்றைய லெபனானின் சூர் நகரம் அதுதான்.

சரி, தமிழில் எந்தச் சொல்?

'புலம்பே தனிமை' என்கிறது தொல்காப்பியம். அதனால் எருசலேமுக்கான ஐந்து பாடல்களுக்குப் புலம்பல் என்ற பெயர் பொருந்துவதுபோல வேறெதுவும் பொருந்தாது. எபிரேயத்தில் 'ஏகா', அதாவது 'ஐயோ, எப்படி!' என்று தொடங்கும் அந்த நூலின் முதல் வரியே, மக்கள் நிறைந்திருந்த நகரம் தனியே உட்கார்ந்திருப்பதைத்தான் சொல்கிறது. தாவீது பாடியதற்குக் கையறுநிலை சரி, தலைவன் மாண்டபின் செயலற்று நிற்பவர் பாடுவது அது. இரங்கற்பா என்ற சொல் இன்றைக்கு நினைவேந்தல் கூட்டத்தின் மேடையை ஞாபகப்படுத்துகிறது.

தீருவின் கீனாவுக்கு நான் ஒப்பாரி என்றே எழுதுவேன். வேத நூலுக்கு இது கொச்சை என்று தயங்குவார்கள். ஆனால் ஒப்பாரிக்கு 'ஒப்பு' என்ற பொருளையும் அகராதி தருகிறது; ஒப்புச் சொல்லி அழுவது என்றுதானே இன்றும் வழக்கு. எசேக்கியேல் செய்ததும் அதுவே, நகரத்தைக் கப்பலுக்கு ஒப்பிட்டு அழுதது. மாலுமிகள் எடுக்கும் கீனாவிலும் அந்தச் சொல்தான் கேள்வியாக நிற்கிறது: தீருவுக்கு ஒப்பு எது?

அதிகாரத்தின் கடைசி வசனத்தில் அழுகை இல்லை. பிற நாட்டு வியாபாரிகள் தீருவைப் பார்த்துச் சீழ்க்கை அடிக்கிறார்கள். திகைப்பிலா, ஏளனத்திலா என்பதற்கு எபிரேய வினை இரண்டு பக்கமும் இடம் கொடுக்கிறது.