ரப்பர் மரமும் வளையும் முதுகும்: குமரி மாணவர்களுக்கு ஓர் ஆய்வுக்களம்

ஒட்டுரப்பர் மரத்தில் பாலெடுக்க முதல் வெட்டு விழும்போது வெட்டுக்கோடு தரையிலிருந்து ஏறத்தாழ 125 செ.மீ. உயரத்தில் இருக்கும். நின்றவாக்கிலேயே வெட்டலாம். ஒவ்வொரு வெட்டிலும் பட்டை ஒரு சீவல் குறைவதால் கோடு கீழே இறங்கிக்கொண்டே போகும். சில ஆண்டுகளில் இடுப்பளவு, பிறகு முழங்காலளவு, கடைசியில் அடிமரம். மரத்துக்கு வயது ஏற ஏற, வெட்டுகிறவர் கூடுதலாகக் குனிய வேண்டும். பிற்காலத்தில் மேல்பட்டையை நீளக் காம்புள்ள கத்தியால் கீழிருந்து மேலாக வெட்டத் தொடங்கினால், பாரம் முதுகைவிட்டுக் கழுத்துக்கும் தோளுக்கும் மாறிவிடும். குலசேகரம், அருமனை, பேச்சிப்பாறை பக்கத்துத் தோட்டங்களில் விடியும் முன்பே நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு போகும் ஒரு தொழிலாளி, ஒரு காலைப்பொழுதில் 300 முதல் 400 மரம் வரை வெட்டுகிறார்.

அவருடைய கீழ்முதுகு எவ்வளவு விசையைத் தாங்குகிறது? இந்தக் கேள்விக்கு விடை தேடும் துறைதான் உயிர் இயக்கவியல், அதாவது பயோமெக்கானிக்ஸ். முதல் கணக்கைப் போட்டுப் பார்க்க பிளஸ் ஒன் இயற்பியலில் வரும் திருப்புவிசை போதும்.

வெட்டுகிறவர் 60 கிலோ எடை என்று வைத்துக்கொள்வோம். கீழ்முதுகின் மூட்டுக்கு மேலே உள்ள தலை, கைகள், நெஞ்சு எல்லாம் சேர்ந்து சுமார் 35 கிலோ. நன்றாகக் குனியும்போது இந்த எடையின் மையம் மூட்டிலிருந்து 25 செ.மீ. முன்னால் தள்ளி நிற்கும். 35 கிலோவின் எடை சுமார் 340 நியூட்டன், 0.25 மீட்டரால் பெருக்கினால் 85 நியூட்டன் மீட்டர். உடலை முன்னால் கவிழ்க்கப் பார்க்கும் திருப்புவிசை இது. எதிர்த்து இழுப்பவை முதுகெலும்பை ஒட்டி ஓடும் தசைகள். அவை மூட்டிலிருந்து வெறும் 5 செ.மீ. பின்னால்தான் இருக்கின்றன. ஐந்தில் ஒரு பங்கு தூரத்திலிருந்து இழுப்பதால் ஐந்து மடங்கு விசை தேவை: 85-ஐ 0.05-ஆல் வகுத்தால் 1,700 நியூட்டன். தசை இழுக்கும் இந்த விசை முழுவதும் முள்ளெலும்புகளுக்கு நடுவே உள்ள வட்டை அழுத்துகிறது. மேலுடல் எடையின் பங்கையும் சேர்த்தால் 1,900 நியூட்டனை நெருங்கும். கிட்டத்தட்ட 190 கிலோ. கையில் இருப்பது ஒரு கத்தி மட்டும்தான் என்பதை நினைத்துப் பாருங்கள்.

சுமை தூக்கும் வேலைகளுக்கு அமெரிக்கத் தொழில்பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் வைத்திருக்கும் அழுத்த வரம்பு 3,400 நியூட்டன். நம் கணக்கு அதற்குக் கீழேதான் வருகிறது. அதனால் ஆபத்தில்லை என்று முடித்துவிடக் கூடாது. முழுதாகக் குனிந்த நிலையில் முதுகுத் தசைகளில் மின்துடிப்பு ஏறக்குறைய அடங்கிவிடும் என்பது 1950-களிலேயே பதிவாகியிருக்கிறது. அப்போது பாரத்தை ஏற்பவை எலும்புகளைப் பிணைக்கும் தசைநார்கள். நார் திரும்பத் திரும்ப இழுபட்டால் கொஞ்சம் கொஞ்சமாக நீளும். விட்டவுடன் பழைய நீளத்துக்கு வராது, நேரம் எடுக்கும். நீண்ட நார் மூட்டை இறுக்கிப் பிடிக்காது. ஆகவே ஒரு குனிவின் விசையை மட்டும் அளந்தால் பாதிக் கதைதான். ஒவ்வொரு மரத்திலும் எத்தனை நொடி குனிகிறார், அடுத்த மரத்துக்கு நடக்கும்போது எத்தனை நொடி நிமிர்கிறார், ஐம்பதாவது மரத்துக்கும் முந்நூறாவது மரத்துக்கும் அதில் என்ன வேறுபாடு என்பதையும் அளக்க வேண்டும். கடைசி ஆண்டு மாணவர் ஒருவருக்கு இதுவே முழு ஆய்வு.

பெரிய ஆய்வுக்கூடங்களில் இதை எப்படிச் செய்கிறார்கள் என்று தெரிந்துகொள்வது நல்லது. உடலின் மூட்டுகளில் ஒளியைத் திருப்பி அனுப்பும் சிறு உருண்டைகளை ஒட்டுவார்கள். சுற்றிலும் உள்ள அகச்சிவப்புக் கேமராக்கள் நொடிக்கு நூறு, இருநூறு முறை அவற்றின் இடத்தைக் குறிக்கும். தரையில் பதித்த விசைத்தட்டு, பாதம் எவ்வளவு விசையில், எந்தத் திசையில் அழுத்துகிறது என்பதை நொடிக்கு ஆயிரம் முறை பதியும். பிறகு கணக்கு பாதத்தில் தொடங்கி மேலே ஏறும். பாதத்தின் நிறையும் முடுக்கமும் தெரியும், தரை தரும் விசையும் தெரியும். மிச்சம் இருப்பது கணுக்கால் மூட்டின் விசை. அதை வைத்து முழங்கால், அதிலிருந்து இடுப்பு. நேரடியாகப் பார்க்க முடியாத உள்விசைகளை வெளியே தெரியும் அசைவிலிருந்து பின்னோக்கிக் கண்டுபிடிக்கும் இந்த முறைதான் துறையின் முதுகெலும்பு.

இந்தக் கணக்கு நம்பத்தகுந்ததா என்று சரிபார்க்கவும் வழி இருக்கிறது. பெர்லினில் ஆய்வாளர்கள் செயற்கை இடுப்பு மூட்டுக்குள்ளேயே உணரிகளை வைத்து, அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் நடக்கும்போது அளந்தார்கள். சாதாரண நடையில் இடுப்பு மூட்டின் மேல் வரும் உச்ச விசை உடல் எடையைப் போல் சுமார் 2.4 மடங்கு. அந்தத் தரவுகள் ஆர்த்தோலோட் என்ற பெயரில் இணையத்தில் எல்லோருக்கும் திறந்திருக்கின்றன.

விசைத்தட்டு நம் கல்லூரியில் இல்லையே என்று கைவிட வேண்டியதில்லை. குனியும் கோணத்தை அளக்க செல்போன் போதும், ஒழுங்காக எடுத்தால். கேமராவை ஸ்டாண்டில் நிறுத்தி, அசைவு நடக்கும் தளத்துக்குச் செங்குத்தாக, இடுப்பு உயரத்தில் வைக்க வேண்டும். அதே தளத்தில் ஒரு மீட்டர் அளவுகோல் படத்தில் தெரிய வேண்டும்; ஆள் நிற்கும் இடத்திலிருந்து ஒரு முழம் பின்னால் அளவுகோலை வைத்தாலும் நீளக் கணக்கு பிசகும். கேமரா செங்குத்தாகப் பார்க்காமல் ஒரு பக்கம் திரும்பியிருந்தால் கோணமே பொய்யாகிவிடும். கினோவியா என்ற இலவச மென்பொருளில் தோள், இடுப்பு, முழங்கால் புள்ளிகளைக் குறித்தால் கோணம் கிடைக்கும். போனை முதுகுப் பட்டையில் கட்டி, ஜெர்மனியின் ஆகன் பல்கலைக்கழகம் உருவாக்கிய ஃபைபாக்ஸ் செயலியை ஓடவிட்டால், வெளிச்சம் போதாத விடியற்காலையிலும் சாய்வு பதிவாகும். இரண்டு ஐஃபோன் கிடைத்தால் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஓப்பன்கேப் முப்பரிமாண அசைவையே தரும். அதே பல்கலைக்கழகத்தின் ஓப்பன்சிம் தசைவிசையை மதிப்பிடும். ஒரே அளவை இருமுறை எடுத்து, இரண்டும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று பார்க்காமல் எந்த எண்ணையும் எழுதாதீர்கள். என் கண்ணில் படும் மாணவர் அறிக்கைகளில் பெரும்பாலும் விடுபடுவது இந்த ஒன்றுதான்.

மலையோரத்தை விட்டுக் கடற்கரைக்கு வந்தால் கேள்வியின் தன்மை மாறுகிறது. குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டினம் கரைகளில் தலையில் சும்மாடு வைத்து, அதன்மேல் மீன் கடவத்தை ஏற்றிக்கொண்டு பெண்கள் நடக்கும் நடையைக் கவனித்திருப்பீர்கள். 1986-இல் நேச்சர் இதழில் கென்ய நாட்டு லுவோ, கிகுயு இனப் பெண்களைப் பற்றி ஓர் ஆய்வு வந்தது. உடல் எடையில் 20 சதவீதம் வரை தலையிலோ நெற்றிப் பட்டையிலோ சுமந்தாலும் அவர்கள் செலவிடும் ஆற்றல் கூடவில்லை. 60 கிலோ எடையுள்ள ஒருவருக்கு 12 கிலோ சுமை ஏறக்குறைய இலவசம் என்று பொருள்.

இது எப்படி முடியும்? நடக்கும்போது ஊன்றிய கால் தலைகீழாக நிறுத்திய ஊசல். உடல் அதன் உச்சிக்கு ஏறும்போது வேகம் குறைந்து உயரமாகச் சேமிக்கப்படுகிறது. இறங்கும்போது உயரம் மறுபடி வேகமாகிறது. நல்ல நடையிலும் சுமார் 65 சதவீதம்தான் இப்படித் திரும்பக் கிடைக்கும், மிச்சத்தைத் தசை தர வேண்டும். 1995-இல் வந்த தொடர் ஆய்வு, சுமை ஏறியதும் அந்தப் பெண்களின் நடையில் இந்தக் கைமாற்றம் இன்னும் நேர்த்தியாவதைக் காட்டியது. ஆனால் 2010-இல் தென்னாப்பிரிக்காவின் கோசா பெண்களிடம் அளந்தவர்களுக்கு அந்த இலவசச் சுமை கிடைக்கவில்லை. ஆளுக்கு ஆள் பெரிய வேறுபாடு இருந்தது. கேள்வி இன்னும் முடியவில்லை.

நம் கரைக்கு இன்னொரு சங்கதி உண்டு. அங்கே சுமை முதலில் மணலில் நடக்கிறது. 1998-இல் வந்த ஆய்வின்படி, மணலில் நடக்க உறுதியான தரையைவிட 2.1 முதல் 2.7 மடங்கு ஆற்றல் தேவை. பாதம் மணலைத் தள்ளும் வேலை திரும்பி வராது. தசை வேலை செய்யும் திறனும் குறையும். தலைச்சுமையும் மணலும் சேரும்போது என்ன நடக்கிறது? மணலில் பத்து அடி, பிறகு தார்ச்சாலையில் பத்து அடி. காலடி நீளம், அடிவைக்கும் வேகம், இடுப்பின் ஏற்ற இறக்கம். இவ்வளவையும் ஒரு போனும் நாடாவும் அளந்துவிடும்.

பனையேற்றத்தை நான் மாணவர்களுக்குச் சற்றுத் தயக்கத்தோடுதான் சொல்வேன். இயற்பியல் அழகானதுதான். உடலின் மையம் மரத்திலிருந்து எவ்வளவு வெளியே தள்ளி இருக்கிறதோ, அந்த அளவுக்குப் பாதம் மரத்தை அழுத்தும், உராய்வும் கூடும். ஆனால் கைகள் இழுக்க வேண்டிய விசையும் அதே அளவு கூடும். பாதங்களில் மாட்டும் வளையமான திளாப்பு இரு பாதங்களும் விலகாமல் தடுப்பதால் காலின் பலம் மரத்தைக் கவ்வுவதற்குப் போகிறது. ஆனாலும் ஆய்வுக்காக ஒருவரை ஒருமுறைகூடக் கூடுதலாக ஏறச் சொல்லக் கூடாது. அக்கானி, அதாவது பதநீர், இறக்க அவர் எப்படியும் ஏறும் ஏற்றத்தைத் தரையில் நின்று படம் பிடிக்கலாம், அதற்குமேல் வேண்டாம்.

இனி, வாசல் எங்கே என்ற கேள்வி. பள்ளி மாணவர்களுக்குத் தமிழ்நாடு அறிவியல் இயக்கம் நடத்தும் குழந்தைகள் அறிவியல் மாநாடும், ஒன்றிய அரசின் இன்ஸ்பயர் மானக் திட்டமும் உண்டு. மானக்கில் தேர்வாகும் யோசனைக்கு 10,000 ரூபாய் கிடைக்கும். கல்லூரி இறுதியாண்டுத் திட்டங்களுக்குத் தமிழ்நாடு மாநில அறிவியல் தொழில்நுட்ப மன்றம் சிறு நிதி தருகிறது. எம்.பி.பி.எஸ்., பி.டி.எஸ். படிப்பவர்களுக்கு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் இரண்டு மாத மாணவர் ஆய்வுத் திட்டம் இருக்கிறது. ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி மாணவர்களுக்கு இது நேர்வழி. இயற்பியல், பொறியியல் மாணவர்களுக்கு நாட்டின் மூன்று அறிவியல் அகாடமிகளும் சேர்ந்து தரும் கோடைகால ஆய்வு உதவித்தொகையும் ஐ.ஐ.டி. மெட்ராஸின் கோடைத் திட்டமும் உண்டு. அந்த ஐ.ஐ.டி.யில்தான் பேராசிரியர் சுஜாதா சீனிவாசன் தலைமையிலான மறுவாழ்வுக் கருவிகள் மையம், உட்கார்ந்தவரை எழுந்து நிற்கவைக்கும் அரைஸ் சக்கர நாற்காலியை உருவாக்கியது. நாகர்கோவிலிலிருந்து ஒரு ரயில் பயணத் தூரத்தில், திருவனந்தபுரம் பூஜப்புரையில், ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தின் உயிர்மருத்துவத் தொழில்நுட்பப் பிரிவு இருக்கிறது.

கடையில் காசு கொடுத்து வாங்கும் புராஜெக்ட்டோடு படிப்பை முடிக்கும் பழக்கம் நம் கல்லூரிகளில் வேரூன்றிவிட்டது எனக்கு உண்மையிலேயே வருத்தம். பேராசிரியருக்கு எழுதும் கடிதத்தில் ஆர்வத்தைப் பற்றி நான்கு பத்தி எழுதுவதைவிட, உயரம் மாறும் மூன்று வெட்டுக்கோடுகளில் ஒரே தொழிலாளியின் குனிவுக் கோணத்தை அளந்து ஒரு பக்கத்தில் வைத்தால் அது வேலை செய்யும். அப்பாவோ சித்தப்பாவோ வெட்டுக்குப் போகும் வீட்டுப் பிள்ளைக்கு இதில் மற்ற எவருக்கும் இல்லாத அனுகூலம் இருக்கிறது: எந்த மரம் கஷ்டம் என்று கேட்டால் நேரான பதில் வரும்.

அளக்கும் முன் கல்லூரியின் நெறிமுறைக் குழுவின் அனுமதி வாங்க வேண்டும். ஒப்புதல் படிவம் தமிழில், படித்துக் காட்டிப் புரியவைத்த பிறகு. முகம் தெரியாமல் காணொளியை மறைக்க வேண்டும். வேண்டாம் என்றால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும். வெட்டு தாமதமானால் பால் குறையும், அது அவருடைய கூலி; எனவே அவர் வேகத்துக்குத்தான் நாம் ஓட வேண்டும்.

காலக்கணக்கும் முக்கியம். அறிவியல் அகாடமிகளின் கோடைகால உதவித்தொகைக்கான விண்ணப்பம் வழக்கமாக நவம்பரை ஒட்டி முடியும். ஐப்பசி மழையில் வெட்டு அடிக்கடி நின்றுபோகும். இலை உதிர்ந்து தளிர்க்கும் காலத்திலும் மரத்துக்கு ஓய்வு கொடுப்பார்கள். ஆகவே முதல் அளவுகளை ஆவணி, புரட்டாசியிலேயே எடுத்துவிடுவது நல்லது.