சாலரி கேப்: தொப்பியா, வரப்பா?

ஸ்காபரோவுக்குக் குடிவந்த முதல் கோடையில், பக்கத்து வீட்டு யாழ்ப்பாணத்து அண்ணன் வேலிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, "கப் முட்டிப் போச்சு தம்பி, இனி ஒருத்தனையும் எடுக்க ஏலாது" என்றார். முகத்தில் இழவு வீட்டுக் களை. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. ரொறன்ரோ மேப்பிள் லீஃப்ஸ் ஐஸ் ஹாக்கி அணி ஸ்டான்லி கப்பைக் கடைசியாக வென்றது 1967இல் என்பது இந்த ஊருக்கு வந்த ஒரு வாரத்திலேயே காதில் விழுந்துவிடும். வராத கப் எப்படி முட்டும்? அரை மணி நேரம் கழித்துத்தான் தெரிந்தது, அவர் சொன்னது கோப்பையை அல்ல, சாலரி கேப்பை.

கேப்டனைக் 'கப்டன்' என்று எழுதுகிற இலங்கைத் தமிழர் நாவில் தொப்பியும் கோப்பையும் ஒரே 'கப்'தான். தமிழ்நாட்டுக்காரன் என் பாடு இன்னும் மோசம். 'கேப்' என்றால் எனக்கு இடைவெளி ('கேப்பில் கிடா வெட்டினான்'), வாடகைக் கார், தொப்பி மூன்றும்தான். 'கப்' என்றாலோ, சென்னையில் அது நாற்றம். ஆங்கிலச் சொல்லை அப்படியே எழுதிவிட்டுப் போகலாம் என்பவர்களோடு எனக்குப் பொதுவாகச் சண்டை இல்லை. பஸ்ஸையும் பேங்க்கையும் நான் மாற்றச் சொல்வதில்லை. இந்தச் சொல்லில் மட்டும் ஒலிபெயர்ப்பு உதவாது. அதனால்தான் இந்த விசாரணை.

முதலில் பொருள். வட அமெரிக்காவின் தேசிய ஹாக்கி லீகில் 32 அணிகள். ஒரு பருவத்தில் ஓர் அணி தன் வீரர்கள் எல்லோருக்குமாகச் சேர்த்துக் கணக்கில் ஏற்றக்கூடிய சம்பளத் தொகைக்கு ஓர் எல்லை உண்டு. அதுதான் சாலரி கேப். 2025-26 பருவத்தில் அது 9.55 கோடி டாலர். முதலாளி எவ்வளவு பெரிய பணக்காரராக இருந்தாலும் அதற்கு மேல் போக முடியாது. ஐபிஎல் ஏலத்தில் 'பர்ஸ்' என்கிறோமே, 2025க்கான பெரிய ஏலத்தில் அணிக்கு 120 கோடி ரூபாய் என்று வைத்தார்களே, ஏறக்குறைய அந்த ஜாதி. ஹாக்கியில் ஏலம் கிடையாது. ஒவ்வொரு வீரரோடும் தனித்தனி ஒப்பந்தம், அதுவும் பல ஆண்டுகளுக்கு. அதனால் இந்த வருடம் கையெழுத்துப் போட்டது ஏழாவது வருடத்தில் கழுத்தைப் பிடிக்கும்.

இந்த எல்லை சும்மா வந்துவிடவில்லை. 2004 செப்டம்பரில் அணி முதலாளிகள் கதவடைத்தார்கள். வீரர் சங்கம் இறங்கிவரவில்லை. 2005 பிப்ரவரியில் லீகின் ஆணையர் கேரி பெட்மன் முழுப் பருவத்தையும் ரத்து செய்தார். ஸ்பானிஷ் காய்ச்சல் பரவிய 1919க்குப் பிறகு ஸ்டான்லி கோப்பை யாருக்கும் கிடைக்காத ஆண்டு அது. ஜூலையில் உடன்பாடு வந்தபோது இருந்த ஒப்பந்தங்களில் 24 விழுக்காடு வெட்டு, எல்லை 3.9 கோடி டாலர். அந்தப் போராட்டம் முழுக்க பெட்மன் 'சாலரி கேப்' என்ற சொல்லைத் தொடாமல் 'செலவு நிச்சயம்' என்றே பேசிவந்தார். சொல்லுக்கு இருக்கும் பலம் அவருக்கும் தெரிந்திருந்தது.

அவர் தயங்கியதில் அர்த்தம் உண்டு. கூடைப்பந்துக்காரர்கள் 1984-85இல் அணிக்கு 36 லட்சம் டாலர் என்று தொடங்கிவைத்தது அது. அமெரிக்கக் கால்பந்து 1994இல் பின்தொடர்ந்தது. பேஸ்பால் வீரர்கள் அதே 1994இல் இதை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்ய, அந்த ஆண்டின் கோப்பைக்கான இறுதிப் போட்டியான உலகத் தொடர் நடக்கவே இல்லை. இன்றுவரை பேஸ்பாலில் இந்த எல்லை கிடையாது.

இனிச் சொல்லுக்கு வருவோம். ஆங்கிலத்துக் 'கேப்' பிற்கால இலத்தீனின் 'கப்பா'விலிருந்து வந்தது: தலையையும் தோளையும் மூடும் முக்காடு. மேலங்கி, தேவாலயச் சிற்றறை ஆகியவற்றுக்கான ஆங்கிலச் சொற்களும் அதே வீட்டுப் பிள்ளைகள். தலைமேல் கவிழ்ப்பது என்பதிலிருந்து, மேலே போகவிடாமல் மூடுவது என்ற வினைப்பொருள் கிளைத்தது. பானைக்கு மூடி போட்டதுபோல. வேடிக்கை, விளையாட்டில் 'கேப்' மரியாதையும்கூட. கிரிக்கெட்டில் முதல் டெஸ்ட் ஆடுபவருக்குத் தொப்பி கொடுத்துத்தான் வரவேற்கிறார்கள். ஒரே தொப்பி, ஒருவனுக்குப் பெருமை, ஒருவனுக்குப் பூட்டு.

'சாலரி'யின் வேர் எல்லோருக்கும் தெரிந்த உப்புக்கதை. இலத்தீனில் 'சால்' உப்பு, 'சாலாரியம்' படி. உப்போடு உறவு உண்மை. ரோமானியச் சிப்பாய்களுக்கு உப்பையே சம்பளமாக அளந்து கொடுத்தார்கள் என்பதற்குத்தான் பழைய சான்று ஒன்றும் இல்லை. நம் பக்கமும் இதே மாதிரி ஓர் அழகான கதை ஓடுகிறது: சம்பா நெல்லும் அளத்து உப்பும் கூலியாகக் கொடுத்தார்கள், சம்பா+அளம்=சம்பளம் என்று. உமணர் உப்பைக் கொடுத்து நெல்லை வாங்கியதைச் சங்கப் பாடல்கள் சொல்வதால் கதைக்குக் கொஞ்சம் வலு கிடைக்கிறது. ஆனால் அகராதி பக்கம் போனால் வடமொழிச் 'சம்பல' நிற்கிறது. வழிப்பயணத்துக்குக் கட்டிக்கொடுக்கும் சோறு என்று பொருள். எனக்குக் கட்டுச்சோற்றுக் கட்சிதான் நியாயமாகப் படுகிறது. உப்புக்கதை இரண்டு மொழியிலும் இவ்வளவு பொருத்தமாக அமைந்திருப்பதே சந்தேகத்துக்கு இடம்.

'ஊதியம்' என்று எழுதலாமே என்பார்கள். குறளில் ஊதியம் என்றால் ஆதாயம்; இன்றைக்குச் சம்பளம் என்ற பொருளில் அரசாணைகளில் நிலைத்துவிட்டது. பிழை இல்லை. ஆனால் 'இந்தப் பயலுக்கு இவ்வளவு சம்பளமா' என்று கொதிக்கும் ரசிகன் வாயில் ஊதியம் வராது. நான் சம்பளத்தோடு நின்றுகொள்கிறேன்.

ஆக, கேப்புக்கு என்ன சொல்வது? இயந்திர மொழிபெயர்ப்பு ஒருமுறை 'சம்பளத் தொப்பி' என்று கொடுத்தது, சிரித்துவிட்டு விட்டுவிடலாம். பத்திரிகைத் தமிழில் கிடைப்பது 'சம்பள உச்சவரம்பு'. 'உச்சவரம்பு' நமக்கு நில உச்சவரம்புச் சட்டத்தால் பழகிய சொல். 1961இல் ஒரு குடும்பத்துக்கு 30 தரநிலை ஏக்கர் என்று தமிழ்நாட்டில் வைத்து, 1970இல் அதை 15 ஆகக் குறைத்தார்கள். அந்தச் சொல்லோடு கூடவே 'பினாமி' என்ற சொல்லும் கிராமத்துத் திண்ணைவரை வந்து சேர்ந்ததை ஊர்ப் பெரியவர்கள் சொல்வார்கள். ஹாக்கியிலும் அதேதான் நடந்தது.

2010இல் நியூ ஜெர்சி டெவில்ஸ் அணி இலியா கோவல்சுக்குக்கு 17 ஆண்டு, 10.2 கோடி டாலர் என்று ஒப்பந்தம் எழுதியது. கணக்கில் ஏறுவது ஆண்டுச் சராசரிதான். ஆகவே 60 லட்சம். கைக்குப் போகும் பணமோ முதல் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளிலேயே கிட்டத்தட்ட முடிந்துவிடும். கடைசி 5 ஆண்டுகளுக்கு ஆண்டுக்கு ஐந்தரை லட்சம், அதுவும் 44 வயதுவரை. யாரும் ஆடப்போவதில்லை என்று எல்லோருக்கும் தெரிந்த ஆண்டுகள் அவை; சராசரியைக் கீழே இழுக்க வந்த பினாமிகள். லீக் நிராகரித்தது, நடுவரும் லீக் பக்கமே தீர்ப்புச் சொன்னார். பிறகு 15 ஆண்டு, 10 கோடி என்று திருத்தி எழுதினார்கள். அதிலும் மூன்றே பருவம் ஆடிவிட்டு 2013இல் அவர் ரஷ்யாவுக்குப் போய்விட்டார்.

இன்னொரு வழி காயம். நீண்டகாலக் காயப் பட்டியலில் ஒருவர் போனால் அவருடைய தொகை அளவுக்கு அணி எல்லையைத் தாண்டலாம். 2020-21இல் டாம்பா பே அணியின் நிகிடா குச்செரோவ் இடுப்பு அறுவைக்காகப் பருவம் முழுக்க வெளியே இருந்தார். இறுதிச் சுற்றுகள் தொடங்கிய நாளில் வந்து நின்றார். அப்போது இறுதிச் சுற்றுகளுக்கு எல்லைக் கணக்கே கிடையாது, ஏனென்றால் வீரர்களுக்குச் சம்பளம் வழக்கமான பருவத்தோடு முடிந்துவிடும். எல்லையை 1.8 கோடி டாலர் தாண்டிய அணியிடம் தோற்றோம் என்று கரோலினா வீரர் ஒருவர் புலம்ப, கோப்பை வென்ற கொண்டாட்டத்தில் குச்செரோவ் அந்தத் தொகையையே சட்டையில் அச்சடித்துப் போட்டுக்கொண்டு வந்தார். விதியை மீறவில்லை, வெட்கமும் படவில்லை. 2025-26 முதல் இறுதிச் சுற்றுகளிலும் அன்றைக்குக் களமிறங்கும் 20 பேரின் தொகை எல்லைக்குள் இருக்க வேண்டும் என்று ஆக்கிவிட்டார்கள்.

இப்படிப் பொருத்தமெல்லாம் இருந்தும் 'சம்பள உச்சவரம்பு' எனக்கு முழுக்க ஒத்துவரவில்லை. காரணம் இரண்டு. ஒன்று, அதைப் படிப்பவர் ஒருவருடைய சம்பளத்துக்கான உச்சம் என்று எடுத்துக்கொள்வார். அப்படி ஒரு விதி தனியாக இருக்கிறது: எந்த வீரரும் அணியின் எல்லையில் 20 விழுக்காட்டுக்கு மேல் வாங்க முடியாது. இரண்டு, ஹாக்கியில் கீழேயும் ஓர் எல்லை உண்டு, 2025-26இல் 7.06 கோடி. கஞ்சத்தனம் பண்ணி அதற்குக் கீழே போனாலும் குற்றம். 'கீழ் உச்சவரம்பு' என்று எந்தத் தமிழன் எழுதுவான்?

'உச்ச'த்தைக் கழற்றிவிட்டால் மிஞ்சுவது வரம்பு, அதுதான் சரக்கு. லீகும் வீரர் சங்கமும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தின் வாசகத்திலும் 'மேல் எல்லை', 'கீழ் எல்லை' என்றுதான் இருக்கிறது. தொப்பி ரசிகர்கள் வாயில் வளர்ந்தது. ஆங்கிலக்காரன் எல்லையை வீட்டுக்குள் தேடுகிறான்: மேலே கூரை, கீழே தரை. தமிழன் வயலில் தேடுகிறான். வரம்பும் வரப்பும் ஒன்றே. நாலு பக்கமும் மண் அணைத்துத் தண்ணீரை நிறுத்துவது. ஹாக்கி எல்லை செய்வதும் அதுதான். லீகின் ஹாக்கி வருமானத்தில் பாதி வீரர்களுக்கு என்பது 2013 முதல் உடன்பாடு. வருமானம் ஏறினால் எல்லை ஏறும், எல்லை ஏறினால் சம்பளம் ஏறும். வரப்பு உயர்ந்தால் என்ன உயரும் என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். எனவே என் பரிந்துரை: முழுப்பெயர் 'அணிச் சம்பள வரம்பு', பேச்சில் வெறும் 'வரம்பு', மேல்வரம்பு, கீழ்வரம்பு.

ஒரு கலைச்சொல் பிழைக்குமா என்று பார்க்க அதிலிருந்து குட்டிச் சொற்கள் பிறக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். ஜூலை 1ஆம் தேதி, கனடாவின் தேசிய நாளில், ஒப்பந்தம் முடிந்த வீரர்களுக்கான சந்தை திறக்கிறது. கோடையில் 10 விழுக்காடு வரை தாண்டி நிற்க அனுமதி உண்டு. பருவம் தொடங்கும் நாளில் அடங்கியிருக்க வேண்டும். அந்த மூன்று மாதமும் ரசிகர்கள் பேசுவது முழுக்கக் கணக்குப்பிள்ளைப் பேச்சு. 'கேப் ஸ்பேஸ்' என்றால் 'வரம்பு மிச்சம்'. 'கேப் ஹிட்' என்றால் வரம்பில் ஏறும் தொகை, சுருக்கி 'ஏற்றம்' என்கிறேன். இது இன்னும் நாக்கில் படியவில்லை, ஒப்புக்கொள்கிறேன். வீரரைக் கொடுத்துவிட்டுச் சம்பளத்தில் ஒரு பங்கை, அதிகபட்சம் பாதியை, பழைய அணியே சுமப்பதற்குச் 'சுமைப்பங்கு'.

'டெட் கேப்' மட்டும் யோசிக்கவே வைக்கவில்லை. மினசோட்டா வைல்ட் 2012இல் சாக் பரீஸே, ரயன் சூட்டர் இருவருக்கும் தலா 13 ஆண்டு, 9.8 கோடி என்று எழுதியது. 2021இல் இருவரையும் பணம் கொடுத்து அனுப்பிவிட்டது. தன் அணியில் ஆடாத அந்த இருவருக்குமாகச் சேர்த்து 2023-24, 2024-25 இரண்டு பருவங்களிலும் பருவத்துக்கு 1.47 கோடி டாலர் கணக்கில் ஏறியது. ஓர் உச்ச நட்சத்திரத்துக்கான இடம், ஆள் இல்லாமல். இதற்குத் தமிழில் பெயர் ஏற்கெனவே இருக்கிறது: தண்டச் சம்பளம்.

வேலியோர அண்ணனிடம் இதையெல்லாம் ஒருநாள் விரித்தேன். அவருடைய காயம் வேறு. 2019-20இல் லீஃப்ஸ் அணியில் டவேரஸ், மேத்யூஸ், மார்னர், நைலாண்டர் நால்வரின் தொகை மட்டும் 4.05 கோடி, வரம்பு 8.15 கோடி. வரம்பு ஆண்டுதோறும் ஏறும் என்று நம்பி எழுதிய கணக்கு. கொரோனா வந்து அது மூன்று பருவம் அதே 8.15இல் நின்றுவிட்டது. பாதிப் பணம் நாலு பேருக்குப் போக, மீதியில் தடுப்பாட்டக்காரர் யார், கோல்காப்பாளர் யார் என்று அவர் வருடா வருடம் வேலியோரம் அழுததை நான் பார்த்திருக்கிறேன். 2025 கோடையில் மார்னர் ஆண்டுக்கு 1.2 கோடி என்று எட்டு ஆண்டுக்கு எழுதி வேகாஸ் அணிக்குப் போனார். அதே கோடையில் வரம்பு 8.8 கோடியிலிருந்து 9.55க்கு ஏறியது. 2026-27 பருவத்துக்கு 10.4 கோடி என்று அறிவித்தும் விட்டார்கள்.

'தண்டச் சம்பளம்' கேட்டதும் அண்ணன் தொடையில் தட்டிச் சிரித்தார். 'ஏற்றம்' பிடிக்கவில்லை. 'வரம்பு' என்றதும் கொஞ்சம் பேசாமல் இருந்தார். "நாங்கள் ஊரில வயலுக்கு வரம்பு எண்டுதான் சொல்லுறது, நீங்கள்தானே வரப்பு எண்டுவியள்" என்றார். பிறகு நான் எழுதிவைத்திருந்த எண்களை ஒருமுறை பார்த்துவிட்டு, "வரம்பு உயர்ந்தது காணும் தம்பி. லீஃப்ஸுக்குத் தண்ணி எப்ப வரும்?" என்று கேட்டார்.